பழைய இரும்புக்குப் பாஸ்பாரிக் அமிலம்: செட்டிநாட்டு வீட்டில் துரு எடுக்கப் புதிதாக இறங்குபவர்களுக்கு

பூட்டிக் கிடந்த வீட்டை மழைக்காலம் முடிந்து திறக்கும்போது முதலில் எதிர்ப்படுவது துருதான். சாவி பாதியில் நின்றுவிடும். தாழ்ப்பாளை இழுத்தால் கையெல்லாம் செம்பொடி. சன்னல் கம்பியில் ஈரம் வழிந்த தடம், கீழே வெள்ளைக் காரைச் சுவரில் பழுப்புக் கோடாக இறங்கியிருக்கும். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எந்த ஊரில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் இதே நிலைதான். கல்யாணத்துக்கோ படைப்புக்கோ மட்டும் திறக்கிற வீடு என்றால் கேட்கவே வேண்டாம்.

இதைப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, கடையில் முரியாட்டிக் ஆசிட் வாங்கி ஊற்றுவார்கள். இல்லையென்றால் கிரைண்டரை வைத்துப் பளபளவென்று தேய்த்துவிடுவார்கள். இரண்டும் வேண்டாம் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். கிரைண்டர் துருவோடு சேர்த்துக் கொல்லன் சுத்தியல் தடத்தையும், பூட்டில் பொறித்த எழுத்தையும் தின்றுவிடும். முரியாட்டிக் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது துருவை வேகமாக எடுக்கும். ஆனால் குளோரைடை இரும்பின் நுண்துளைகளில் விட்டுவிட்டுப் போகும். குளோரைடு ஈரத்தை இழுக்கும், துரு திரும்ப வரும். இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு டிரங்குப் பெட்டியின் மூலைத்தகடுகளை நான் அப்படித்தான் சுத்தம் செய்தேன். பத்து நாளில் முன்னைவிட மோசமாகப் பூத்துவிட்டது. அந்தப் பெட்டியை நினைத்தால் இன்றைக்கும் மனம் கேட்காது.

அதற்குப் பதில் பாஸ்பாரிக் அமிலம். இது துருவைக் கழுவி விடுவதோடு நிற்பதில்லை; மிச்சமிருக்கிற துருவை இரும்போடு ஒட்டி நிற்கும் வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது.

இது என்ன பொருள்

சுத்தமான பாஸ்பாரிக் அமிலம் நிறமற்ற படிகம். 42 டிகிரி செல்சியஸ் அளவில் உருகும். நமக்குக் கடையில் கிடைப்பது தண்ணீரில் கரைத்த 85 சதவீதக் கரைசல். கேட்கும்போது ‘ஆர்த்தோ பாஸ்பாரிக் ஆசிட்’ என்று கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள். பாட்டிலைச் சாய்த்தால் தண்ணீர் மாதிரி ஓடாது, சர்க்கரைப் பாகு மாதிரி மெதுவாக நகரும். நல்ல கனம்: ஒரு லிட்டர் ஏறக்குறைய 1.7 கிலோ இருக்கும். கையில் தூக்கியதுமே அந்த வித்தியாசம் தெரியும்.

முரியாட்டிக் ஆசிட் மூடியைத் திறந்தால் புகை வந்து மூக்கைப் பிடிக்கும். இதில் புகையே வராது, வாடையும் இல்லை. அதனாலேயே இதைச் சாதுவானது என்று நினைத்துவிடுகிறார்கள். 85 சதவீதக் கரைசல் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. 25 சதவீதத்துக்குமேல் அரிக்கும் தன்மை உடையது என்றும், 10 முதல் 25 வரை எரிச்சலூட்டுவது என்றும் வகைப்படுத்தியிருக்கிறார்கள். நாம் வேலை செய்யப்போவது 20 சதவீதத்தில்.

வேதியியலாகப் பார்த்தால் இது நடுத்தரமான அமிலம். ஒரு மூலக்கூறில் மூன்று ஹைட்ரஜன், ஒரு பாஸ்பரஸ், நான்கு ஆக்சிஜன். மூன்று ஹைட்ரஜனும் ஒரே நேரத்தில் பிரியாது. முதலாவது சுலபமாகவும் மற்ற இரண்டும் தயங்கித் தயங்கியும் பிரியும். துருவைக் கரைக்கும் அளவுக்கு வலு உண்டு, இரும்பை அவசரமாகத் தின்னும் அளவுக்கு இல்லை. புதிதாகப் பழகுகிறவருக்கு இந்த நிதானம் பெரிய உதவி.

எப்படித் தயாரிக்கிறார்கள்

வீட்டில் தயாரிக்கிற பொருள் இல்லை இது, முயலவும் வேண்டாம். ஆனால் எப்படி வருகிறது என்று தெரிந்திருந்தால் எந்தத் தரத்தை எதற்கு வாங்குவது என்ற குழப்பம் வராது.

ஈர முறை ஒன்று. பாஸ்பேட் பாறையைப் பொடியாக்கிக் கந்தக அமிலத்தோடு வினைபுரிய வைத்தால் பாஸ்பாரிக் அமிலமும் ஜிப்சமும் கிடைக்கும். வடிகட்டிப் பிரித்து, அமிலத்தைச் சுண்டக் காய்ச்சுகிறார்கள். நமக்குப் பக்கத்தில் தூத்துக்குடியில் இந்த முறையில்தான் நடக்கிறது. பாறை கப்பலில் வந்து இறங்குகிறது. அமிலத்தை அதிலுள்ள பாஸ்பரஸ் பென்டாக்சைடு கணக்கில் அளப்பார்கள். அந்தக் கணக்கில் ஒரு டன்னுக்கு ஏறக்குறைய ஐந்து டன் ஜிப்சம் மிஞ்சும். அதை என்ன செய்வது என்பதே இந்தத் தொழிலின் தீராத தலைவலி. இந்த முறையில் வரும் அமிலத்தின் பெரும்பகுதி உரத்துக்குப் போகிறது. சிவகங்கைப் பக்கம் வயலுக்குப் போடும் டி.ஏ.பி. மூட்டையில் 18:46 என்று போட்டிருக்கிறதே, அதில் 18 தழைச்சத்து, 46 மணிச்சத்து. அந்த 46 இந்த அமிலத்திலிருந்து வந்தது.

வெப்ப முறை இன்னொன்று. மின் உலையில் எடுத்த வெள்ளைப் பாஸ்பரஸை எரித்து, வரும் வெண்புகையைத் தண்ணீரில் கரைப்பார்கள். செலவு அதிகம், சுத்தமும் அதிகம். கோலா பானத்தில் புளிப்புக்குச் சேர்க்கும் ‘ஈ 338’ இதே அமிலம்தான். உணவுத் தரத்துக்கு வெப்ப முறை அமிலத்தையோ, நன்றாகச் சுத்திகரித்த ஈர முறை அமிலத்தையோ பயன்படுத்துகிறார்கள். தொழில்தர அமிலத்தில் பாறையிலிருந்து வந்த ஆர்சனிக், காட்மியம் போன்றவை சிறிதளவு இருக்க வாய்ப்புண்டு. பூட்டுக்கும் சன்னலுக்கும் தொழில்தரம் போதும். சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு ஆகாது.

துருவுக்குள் என்ன நடக்கிறது

துரு என்பது நீரேறிய இரும்பு ஆக்சைடு. அமிலம் அதைத் தொட்டதும் ஒரு பகுதி கரைந்து வரும். மீதி இரும்பு பாஸ்பேட்டாக மாறி மேற்பரப்பிலேயே உட்காரும். பாஸ்பேட் தண்ணீரில் லேசில் கரையாது. துரு மாதிரிப் பொரிந்து உதிரவும் உதிராது. 1906-ல் இங்கிலாந்தில் தாமஸ் வாட்ஸ் காஸ்லெட் இந்த வழியில் இரும்பைப் பாதுகாக்கக் காப்புரிமை வாங்கினார். கார் உடலுக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் இன்றைக்கும் பாஸ்பேட் படலம் ஏற்றுகிறார்கள். அது அந்த வழியின் வளர்ச்சி.

இன்னும் பழைய சாட்சி டெல்லியில் நிற்கிறது. மெஹ்ரோலி இரும்புத் தூண் சுமார் 1600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். காலப்போக்கில் அதன் மேல் இரும்பு ஹைட்ரஜன் பாஸ்பேட் படலம் படிந்து காவலாக நிற்பதைக் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் விளக்கினார். நாம் பிரஷ்ஷால் தடவிச் செய்யப்போவதும் அந்த வழியில் ஒரு சின்ன அடி.

துருவைப் பற்றிப் பேச நம் ஊரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை என்று எனக்குத் தோன்றும். உலோக அரிமானத்தை ஆராய்கிற சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், காரைக்குடியில் இருக்கிறது. 1948-ல் அடிக்கல் நாட்டி 1953 ஜனவரியில் திறந்தார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் அது இந்த மண்ணுக்கு வந்தது.

எங்கெல்லாம் படக்கூடாது

செட்டிநாட்டு வீட்டில் இதுதான் முக்கியம். நிறுத்திப் படியுங்கள்.

ஆத்தங்குடிக் கல் சிமென்ட்டால் ஆனது. கண்ணாடியின் மேல் வண்ணத்தை ஊற்றி, சிமென்ட்டை வைத்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. சிமென்ட்டில் இருக்கும் சுண்ணாம்பை அமிலம் உடனே தாக்கும். ஒரு சொட்டு விழுந்து துடைக்க மறந்தால் அந்த இடத்தில் பளபளப்பு போய், விரல் நுனி அளவுக்குச் சொரசொரப்பாக வெளுத்துவிடும். எண்ணெய் போட்டுத் துடைத்தாலும் திரும்பாது. இத்தாலிப் பளிங்கும் அப்படித்தான். முட்டை வெள்ளையும் கடுக்காயும் சேர்த்து இழைத்த சுவர்ப்பூச்சும் அடிப்படையில் சுண்ணாம்பே; அமிலம் பட்டால் பொங்கி நுரைக்கும். அதனால் சன்னல் கம்பியை இருந்த இடத்திலேயே செய்வதாக இருந்தால், கீழே பாலிதீன் விரிப்பு, அதன் மேல் பழைய சாக்கு, கம்பி சுவரில் நுழைகிற இடத்தில் சுற்றிலும் டேப். கழற்ற முடிகிற எல்லாவற்றையும் கழற்றிக் கொல்லைப்பக்கம் கொண்டுபோங்கள்.

எனாமல் வாளி, எனாமல் தூக்கு: எனாமல் அடுக்கு மேல் தடவாதீர்கள், மினுக்கம் போகும். அலுமினியம், துத்தநாகம் பூசிய தகடு இரண்டையும் அமிலம் தின்னும். பித்தளைப் பூண் போட்ட பூட்டில் இரும்பை மட்டும் பார்த்துத் தடவ வேண்டும். பர்மாத் தேக்கில் பட்டால் மரத்துக்கும் கறை ஏறும்.

கெட்டியான வில்கம்பி உள்ள பொருளை அமிலத்தில் ஊறப்போடக் கூடாது. வினையில் பிறக்கும் ஹைட்ரஜன் உருக்குக்குள் புகுந்து, வில்லை முறியும் பொருளாக்கிவிடும். பூட்டை முழுசாக முக்காதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான். சாவியை முக்கலாம்.

தோசைக்கல், பணியாரச் சட்டி, வாணலி இவற்றுக்கு இந்த அமிலமே வேண்டாம். புளியும் மணலும் வைத்துத் தேய்த்து, கழுவி, அடுப்பில் காயவைத்து, நல்லெண்ணெய் தடவிப் பழக்கினால் போதும்.

கலக்கும் அளவு

தண்ணீர் 550 மி.லி., அமிலம் 100 மி.லி. இதில் 20 சதவீதக் கரைசல் ஏறக்குறைய 650 மி.லி. கிடைக்கும். ஒரு சன்னலுக்குப் போதுமான அளவு. சாவி, கீல் போன்ற சின்னச் சாமான்களை ஊறவைக்க 10 சதவீதம் போதும்: 100 மி.லி. அமிலத்துக்கு ஒன்றேகால் லிட்டர் தண்ணீர்.

முதலில் பாத்திரத்தில் தண்ணீர். பிறகு அதில் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். ஒருபோதும் அமிலத்தின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். கந்தக அமிலம் அளவுக்கு இது கொதிக்காது, சூடு மட்டும் ஏறும். இருந்தாலும் பழக்கம் ஒரே மாதிரி இருப்பது நல்லது. பிளாஸ்டிக் வாளி அல்லது கண்ணாடி. இரும்பு வாளியும் அலுமினியச் சட்டியும் கூடாது. ரப்பர் கையுறை, கண்ணை நாலுபுறமும் மூடும் கண்ணாடி, பக்கத்திலேயே ஒரு குடம் நல்ல தண்ணீர். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் இருக்கும் இடத்தில் இந்த வேலையே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

மிச்சத்தைக் கலர் பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். லீவுக்கு வரும் பிள்ளைகள் தாகத்தில் எடுத்துவிடுவார்கள். பெரிதாகப் பெயர் எழுதி, பூட்டிய அலமாரியில்.

வேலை

முதல் தடவை உங்கள் வீட்டின் விலையுள்ள பொருளைத் தொடாதீர்கள். கழன்று கிடக்கும் ஒரு கீல், ஒரு பழைய ஆணி, அதில் பழகுங்கள்.

அதில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அமிலம் துருவைத் தொடவே தொடாது. வாஷிங் சோடா கரைத்த வெந்நீரில் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். பிறகு கம்பி பிரஷ். பொரிந்து நிற்கும் தடித்த துருவை மட்டும் தட்டிவிட்டால் போதும், பளபளப்பு தெரியும்வரை தேய்க்க வேண்டாம். பழைய பெயின்ட் இருந்தால் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடாதீர்கள். அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், தூள் மூச்சில் போகக் கூடாது. நனைத்துத் தேய்த்து, வரும் சேற்றைத் துணியில் ஒற்றி எடுங்கள்.

அப்புறம் நிழல். சித்திரை வெயிலில் முற்றத்தில் வைத்துத் தடவினால் கரைசல் வேலை செய்வதற்குள் காய்ந்துவிடும். காலையில், காற்று வரும் இடத்தில், நிழலில் செய்யுங்கள். வினையில் வருவது ஹைட்ரஜன், எரியக்கூடியது. பக்கத்தில் அடுப்போ பீடியோ வேண்டாம்.

பிரஷ்ஷில் தொட்டு மெல்லிசாகத் தடவுங்கள், வழியக் கூடாது. குனிந்து பார்த்தால் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்புவது தெரியும். செம்பழுப்பு முதலில் மங்கும், அப்புறம் நனைந்த கருங்கல் நிறத்துக்கு வரும். கால் மணி கழித்து இன்னும் சிவந்து நிற்கும் இடங்களைக் கம்பி பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்து இரண்டாம் முறை தடவுங்கள். தடித்த துருவுக்கு மூன்றாவது முறையும் தேவைப்படும். காய்வதற்குள் மறுபடி ஈரப்படுத்திக்கொண்டே இருப்பதில்தான் கைப்பழக்கம் இருக்கிறது. அப்புறம் ஒரு நாள் அப்படியே விட்டுவிடுங்கள்.

சாவியை 10 சதவீதக் கரைசலில் போட்டால் அரை மணிக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். ராத்திரி போட்டுக் காலையில் எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள்; துரு தீர்ந்தபின் அமிலம் சாவியின் பல்லைத் தின்ன ஆரம்பிக்கும்.

மறுநாள் மேற்பரப்பு சாம்பல் கலந்த கருப்பாக இருக்கும். விரலில் பிசுபிசுப்பு ஒட்டினால் அமிலம் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். அதன் மேல் பெயின்ட் அடித்தால் கொப்புளம் விடும். ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே வாருங்கள். போதுமா என்று தெரிய எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. கொல்லையில் இருக்கும் செம்பருத்தியின் இதழை வெள்ளைத்தாளில் கசக்கித் தேய்த்தால் ஊதா நிறம் ஏறும். துடைத்த துணியின் ஈரத்தை அதில் ஒற்றுங்கள். சிவந்தால் அமிலம் இருக்கிறது. நிறம் மாறாவிட்டால் அடுத்த வேலைக்குப் போகலாம்.

மேலே மூடி

பாஸ்பேட் படலத்தில் நுண்துளைகள் உண்டு. அதை அப்படியே விட்டால் அடுத்த ஐப்பசிக்குள் துரு வரும். வெளிச் சன்னலுக்கு ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் அல்லது ரெட் ஆக்சைடு, அதன் மேல் எனாமல் பெயின்ட். வீட்டுக்குள் இருக்கும் பூட்டு, கீல், இரும்புப் பெட்டி இவற்றுக்குப் பெயின்ட் வேண்டாம் என்பது என் கருத்து. லேசாகச் சூடாக்கித் தேன்மெழுகு தடவித் துணியால் இழைத்தால் அந்தக் கருமை ஆழமாகத் தெரியும். பூட்டைச் சூடாக்க வேண்டாம், மெழுகை உருக்கித் தடவினால் போதும். ஆளிவிதை எண்ணெயும் நல்லது. ஆனால் அந்த எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடுங்கள்.

அருங்காட்சியகங்களில் பழைய இரும்புக்குக் கடுக்காயில் இருப்பது போன்ற டானினைக் கரைத்துத் தடவுவார்கள். அதில் சிறிது பாஸ்பாரிக் அமிலமும் சேர்ப்பதுண்டு. நீலக்கருப்பு நிறம் வரும். கை பழகியபின் அதையும் ஒரு ஆணியில் முயன்று பாருங்கள்.

போன வருஷம் ஒரு ஆச்சி உள்ளங்கை அளவுப் பூட்டு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். “எங்க அப்பச்சி பர்மாவுல இருந்து கொண்டாந்தது தம்பி. தொறக்கலைன்னாலும் பரவால்ல, ஒடச்சிறாத” என்றார்கள். வெளிப்பக்கம் மட்டும் மூன்று முறை தடவினேன். துளைக்குள் அமிலம் விடவில்லை. மெஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டு இரண்டு நாள் குப்புற வைத்தேன். முகப்பில் துருவுக்கு அடியில் இருந்த பூவேலை ஒவ்வொரு இதழாகத் தெளிந்து வந்தது. மூன்றாம் நாள் சாவி திரும்பியது.

மிஞ்சிய கரைசல்

இதை ஊருணிக்குப் போகும் கால்வாயில் ஊற்றவே ஊற்றாதீர்கள். பாஸ்பேட் பயிருக்கு உரமானதுபோல் பாசிக்கும் உரம். மழைநீரைச் சேர்த்து ஊரே குடிக்கத்தான் நம் முன்னோர் ஊருணி வெட்டினார்கள். அதில் பாஸ்பேட் சேர்ந்தால் பாசி மண்டித் தண்ணீர் பச்சையாகிவிடும்.

நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து, மிஞ்சிய கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். செம்பருத்தித் தாள் சிவப்பு போய்ப் பச்சை தட்டும்வரை. ஒரு ராத்திரி வைத்தால் அடியில் பழுப்பு வண்டல் படியும். அது கால்சியம் பாஸ்பேட், எந்தப் பாறையிலிருந்து அமிலம் வந்ததோ அதன் இனம். கூடவே கரைந்த இரும்பும் இருக்கும். தெளிந்த நீரை ஊருணிக்கும் கிணற்றுக்கும் தள்ளி, வெறும் மண்ணில் ஊற்றலாம். வண்டலைக் காயவைத்துக் குழி தோண்டி மூடுங்கள். பழைய பெயின்ட் கலந்திருந்தால் தோட்டத்துப் பக்கமே கொண்டுபோக வேண்டாம், தனி டப்பாவில் மூடி வையுங்கள்.

புரட்டாசி கடைசியில், மழை இறங்குவதற்கு முன்னால், செய்து முடித்த ஒவ்வொரு பூட்டையும் கீலையும் எண்ணெய்த் துணியால் ஒரு தடவை துடைத்துவிடுங்கள். ஒரு வீட்டுக்கு அரை நாள் ஆகும்.